இரட்டையாக நின்ற இடம்

தார் எஸ் சலாம்
8 ஜனவரி 1986

அன்புள்ள அக்கா சிஃபாயேலிக்கு,

தம்பி அமினியேல் எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்தேன். வழியில் பஸ் படுத்துவிட்டது. நாலு மணி நேரம் சாலையோரம் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு ஒனேசிமோ அம்மா கட்டிக் கொடுத்த சுட்ட வாழைக்காய் அத்தனையையும் தின்று தீர்த்தேன். நீ ஊரில் இருந்திருந்தால் அவித்த பயறும் கட்டிக் கொடுத்திருப்பாய். போகட்டும், அத்தை மகளுக்கு என்ன குழந்தை? கிபோஷோவிலிருந்து எப்போது திரும்பினாய்?

இங்கே தூதரக வீட்டு வாசலில் கால் வைத்ததுமே மூத்த தோட்டக்காரர் கிப்வானா ஆரம்பித்துவிட்டார். "வாங்கய்யா மலைக்காரரே! கிறிஸ்துமஸ் வந்தா போதும், உங்க ஆளுங்க இந்த ஊரையே காலி பண்ணிட்டுப் போயிடுறீங்க. ஒரு கை உப்பு வாங்கலாம்னா கடை தெறக்க ஆள் இல்ல." சிரித்து வைத்தேன்.

அக்கா, அதெல்லாம் இருக்கட்டும். வீட்டுக்கு முன்னால் பார்த்தாயா? பார்த்ததும் என்ன சொன்னாய்? உன் முகத்தைப் பார்க்காமல் கிளம்ப வேண்டியதாகிவிட்டதே என்று வழியெல்லாம் வருத்தம்.

அங்கே நான் பதித்த புல்தரைக்கான வேரை இங்கிருந்தே ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தேன். முப்பது அடி நீளம், இருபது அடி அகலம். தினமும் தண்ணீர் தெளி, ஆடு மாடு ஏறாமல் பார்த்துக்கொள். மூன்று மாதத்தில் பாய் விரித்த மாதிரி ஆகிவிடும். ஓரத்தில் ரோஜா வைப்பது அடுத்த கிறிஸ்துமஸுக்கு. உனக்கு நாற்பது வயதாகிறது. நம்ம தோட்டத்தில் ஒரு நாளாவது சும்மா உட்கார்ந்திருக்கிறாயா? வாழைக்குக் கீழே காப்பி, காப்பிக்குக் கீழே சேம்பு, சேம்புக்குக் கீழே பயறு. அதற்குள் குனிந்தபடி நுழைகிறாய், குனிந்தபடி வெளியே வருகிறாய். இங்கே மேடம் சொல்வார், தோட்டம் என்றால் சன்னலில் நின்று பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று. அவர்கள் நாட்டில் முன்னொரு காலத்தில் ராஜாக்கள் செடிகளை நூல் பிடித்து வெட்டி நிறுத்தினார்களாம். அடுத்து வந்தவர்கள் அதையெல்லாம் கலைத்துவிட்டு, தானாக முளைத்தது போலத் தெரிவதற்காக ஆயிரம் ஆள் வைத்துப் பாடுபட்டார்களாம். இதைக் கேட்டு கிப்வானா, "தானா மொளச்ச மாதிரி தெரியறதுக்கு எதுக்குய்யா ஆயிரம் ஆளு? சும்மா விட்டாலே மொளைக்குமே!" என்றார். அன்று முழுவதும் எங்களுக்கு அதே சிரிப்பு.

ஆறு வாழைத் தூரை எடுக்க வேண்டியதாயிற்று. வேறு இடத்தில் கன்று வைத்திருக்கிறேன், கவலைப்படாதே. பிறகு, சித்தப்பா யோனாவின் பங்குக்கு எல்லையாக அப்பா வைத்த இசாலேச் செடி வரிசை. சித்தப்பாதான் சமவெளிக்குக் குடிபோய்ப் பதினைந்து வருடம் ஆகிறதே, இனி யாருக்கு எல்லை? நாற்பது கழி இருக்கும். ஒரே மதியத்தில் எல்லாவற்றையும் பிடுங்கி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் தள்ளிவிட்டேன்.

இப்போது சமையல்கட்டு வாசலில் நின்றால் கிபோ சிகரத்துப் பனி தெரியும். ஒரு நாற்காலி போட்டு உட்கார். உட்கார்ந்தேன் என்று எனக்கு எழுது.

தம்பி,
அமினியேல்


மச்சாமே
21 ஜனவரி 1986

அமினியேலுக்கு,

உன் புல்லைப் பார்த்தேன்.

உன்னை யார் கேட்டது? நான் கேட்டேனா, உட்கார இடம் வேண்டும் என்று?

வீடும் தோட்டமும் கடைசிப் பிள்ளைக்கு என்பது நம்ம வழக்கம். அதனால் எல்லாம் உன் பேரில் இருக்கிறது. எனக்கு மண்வெட்டிதான் வந்தது. அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியிருப்பேனா? வருடத்தில் பத்து நாள் வந்து போகிறவனுக்காக மீதி நாளெல்லாம் காத்துக் கிடந்தேன். பத்து நாளில் நீ செய்தது இது.

பிடுங்கியதை இருந்த இடத்தில் வை. அதைச் செய்துவிட்டு எனக்கு எழுது. அதுவரை எழுதாதே.

சிஃபாயேலி


தார் எஸ் சலாம்
3 பிப்ரவரி 1986

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. முதலில் கோபம்தான் வந்தது. ஓய்வெடுக்க வந்தவன் ஐந்து நாள் கடப்பாரை பிடித்து, கை கொப்பளித்து, உனக்காக ஒன்று செய்தால் இதுதான் பதிலா என்று. கடிதத்தைக் கசக்கிக்கூட எறிந்தேன். பிறகு போய் எடுத்துக்கொண்டேன். நீ என்னை இப்படித் திட்டியதே இல்லை, அக்கா. நான் காப்பிப் பழத்தோடு கூடையைக் கவிழ்த்த அன்றுகூடத் திட்டவில்லை.

வாழைக்காகக் கோபமா? ஆறு தூர்தானே. இல்லை, அப்பா கையால் நட்ட வரிசை என்பதாலா? அப்படியென்றால் அது என் தப்பு. யோசித்திருக்க வேண்டும். ஆனால் தேவையற்ற எல்லையை எடுப்பது இத்தனை பெரிய குற்றமா என்று எனக்குப் புரியவில்லை.

புரியாவிட்டாலும் மன்னிப்புக் கேட்கிறேன். உறைக்குள் முடிச்சுப் போட்ட இசாலே இலை இருக்கிறது. காய்ந்திருந்தாலும் அது இசாலேதான். எங்கே கிடைத்தது என்று கேட்டால் சிரிப்பாய். நம்ம ஊரில் எல்லையிலும் கல்லறையிலும் நிற்கிற செடியை இங்கே சட்டியில் வைத்து வரவேற்பறை மூலையில் நிறுத்தியிருக்கிறார்கள். வாரம் ஒரு தடவை ஈரத்துணியால் அதன் இலையைத் துடைப்பது என் வேலை. துடைக்கிற சாக்கில் ஒன்றைக் கிள்ளிவிட்டேன்.

கொலைக்குக்கூட நம்ம ஆட்கள் இந்த இலையை வாங்கிக்கொண்டு மன்னித்திருக்கிறார்கள். நீ மாட்டேன் என்று சொல்ல மாட்டாய்.

அமினியேல்


மச்சாமே
20 பிப்ரவரி 1986

அமினியேல்,

உன் இலையை இதோடு திருப்பி அனுப்புகிறேன். வந்த இசாலேயைத் திருப்பி அனுப்பியவள் நம்ம வம்சத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சாபம் வரும் என்பார்கள். வரட்டும். வாயைக் கட்டிப்போட உனக்கு அந்த இலைதானா கிடைத்தது? அந்தச் செடியைப் பிடுங்கிவிட்டு, அதே செடியின் இலையையே அனுப்புகிறாய்.

உனக்குப் புரியவில்லை என்று எழுதியிருந்தாய். புரியாது. ஏனென்றால் உனக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொல்லாமலே செத்துவிடலாம் என்று இருந்தேன். இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. இதை எழுத நாலு நாள் ஆகிறது. இன்று முடிப்பேனா என்றும் தெரியவில்லை.

உனக்கு ஏழு வயதாக இருந்தபோது ஒரு மாதம் உன்னைச் சித்தப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள், நினைவிருக்கிறதா? வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்றார்கள். அம்மை இல்லை. எனக்குக் குழந்தை பிறந்தது. எனக்கு அப்போது பதினெட்டு. கல்யாணம் ஆகவில்லை. அவன் யார் என்று கேட்காதே. ஆரூஷாவில் இப்போது பேரப்பிள்ளைகளோடு இருக்கிறான், அவன் பாட்டுக்கு இருக்கட்டும்.

பெண் குழந்தை. நாலு நாள் இருந்தாள். பால் குடிக்கத் தெரிந்திருந்தது, என் விரலைப் பிடிக்கத் தெரிந்திருந்தது. ஐந்தாம் நாள் விடியும்போது உடம்பு ஆறியிருந்தது. ஞானஸ்நானம் ஆகாததால் போதகரைக் கூப்பிட முடியாது. சிலுவை வைக்க முடியாது. பெயரும் வைக்கவில்லை. மான்கா என்று மட்டும் கூப்பிட்டேன். நம்ம பக்கம் எல்லாப் பெண் குழந்தையையும் கூப்பிடுகிற பெயர்தானே அது.

அப்பாதான் குழி வெட்டினார். வாழைக்கு நடுவில். மேலே நாலு இசாலேக் கழி நட்டார், தலைமாட்டில் இரண்டு, கால்மாட்டில் இரண்டு. அம்மா கேட்டாள்: "நாலு கழிய தனியா வச்சா ஊர்ல கேக்க மாட்டாங்களா? எவன் செத்தான்னு கேப்பாங்களே." மறுநாள் காலையில் அப்பா இன்னும் ஒரு கட்டுக் கழியை வெட்டி வந்து, அந்த நாலுக்கும் இந்தப் பக்கம் அந்தப் பக்கமாக, வாய்க்கால் வரைக்கும் ஒற்றை வரிசை நட்டுவிட்டார். கேட்டவர்களிடமெல்லாம், "தம்பி யோனாவுக்குப் பங்கு பிரிச்சிருக்கேன், அதான் எல்லை" என்றார். பாவம், சித்தப்பாவே அதை நம்பிவிட்டார்.

நீயும் நம்பினாய். அதற்காக உன்னைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் சொல்கிறேன். வேறு யாரைச் சொல்வேன்?

கிபோஷோவிலிருந்து திரும்பி வந்து வாசலில் நின்றால் வெளிச்சம். நம்ம வீட்டு முன்னால் என்றைக்காவது வெளிச்சம் இருந்திருக்கிறதா? வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன். ஒனேசிமோ அம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னடி, தம்பி போட்ட மெத்தையில உருண்டு பாக்கறியா?" என்று கேட்டாள். நான் மண்டியிட்டிருந்ததை அவள் அப்படி நினைத்தாள்.

பள்ளத்தில் இறங்கிக் கழிகளைப் பார்த்தேன். கிடந்த இடத்திலேயே எல்லாம் வேர் விட்டிருக்கின்றன. இசாலேக்கு என்ன, வெட்டி எங்கே எறிந்தாலும் பிழைக்கும். செடி கிடைத்துவிட்டது, இடம் கிடைக்கவில்லை. புல்லைப் பல இடத்தில் பெயர்த்துப் பார்த்தேன், நீ மொத்தத்தையும் கொத்தி மட்டம் பண்ணியிருக்கிறாய். எங்கே தொட்டாலும் மண் ஒரே மாதிரி பொலபொலவென்று இருக்கிறது. வாழையை அடையாளம் வைக்கலாம் என்றால் வாழை நடக்கிற மரம். வருடத்துக்கு ஒரு அடி தள்ளிக் கன்று விட்டு, அதுபாட்டுக்கு நகர்ந்து போய்விடும். நம்ம தோட்டத்தில் நகராதது இசாலே ஒன்றுதான்.

இப்போது நான் கேட்கிற இரண்டு கேள்விக்கு உண்மையாகப் பதில் எழுது.

தோண்டும்போது உன் கடப்பாரையில் ஏதாவது தட்டுப்பட்டதா?

வரிசையில் ஒரு இடத்தில் மட்டும் செடி ஒற்றையாக இல்லாமல் இரண்டு இரண்டாக, இரட்டையாக நிற்கும். அது எங்கே இருந்தது? சமையல்கட்டு மூலையிலிருந்து எத்தனை அடி?

சிஃபாயேலி


தார் எஸ் சலாம்
9 மார்ச் 1986

அக்கா,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. தினமும் காகிதத்தை எடுப்பேன், தேதி எழுதுவேன், மடித்து வைத்துவிடுவேன்.

சித்தப்பா வீட்டில் இருந்தது நினைவிருக்கிறது. அங்கே ஆட்டுக்குட்டி இருந்தது, எனக்கு ஒரே கொண்டாட்டம். வீட்டுக்குத் திரும்பி வந்தபோது நீ அடுப்படியில் படுத்திருந்தாய். நான் உன் முதுகில் ஏறிக் குதித்தேன். நீ கத்தினாய். அம்மா என்னை இழுத்துக்கொண்டு போய், "அக்காவுக்கு அம்மை இப்பத்தான் எறங்கியிருக்கு, தொடாதே" என்றாள். இருபத்து மூன்று வருடம் கழித்து மறுபடியும் அதையேதான் செய்திருக்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில். எதுவும் தட்டுப்படவில்லை. நம்ம அம்மா மேல் சத்தியம். வேரும் மண்ணும் தவிர வேறு ஒன்றும் வரவில்லை. சின்னக் கல் வந்திருந்தால்கூடச் சொல்வேன். அவள் அங்கேயேதான் இருக்கிறாள், அக்கா. நான் அவளைத் தொடவில்லை.

இரண்டாவது கேள்வி. நினைவிருக்கிறது. சமையல்கட்டு மூலையிலிருந்து வாய்க்காலைப் பார்த்து நடந்தால் பதினோராவது அடி. அங்கேதான் இரட்டையாக நின்றது. அந்த இடத்தில் மட்டும் கடப்பாரை சரியாக இறங்கவில்லை, என்னடா இது என்று நினைத்தேன். அதனால்தான் நன்றாக நினைவிருக்கிறது. பதினொன்று.

அங்கேயே நடு.

நீ திருப்பி அனுப்பிய இலை என்னிடம்தான் இருக்கிறது. மறுபடியும் அனுப்பப் போவதில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை. விடுப்புக் கேட்டேன், டிசம்பருக்கு முன்னால் கிடையாது என்றுவிட்டார்கள்.

அமினியேல்


மச்சாமே
30 மார்ச் 1986, உயிர்த்தெழுந்த ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். பெருமழை பிடித்துக்கொண்டது. மேலே ஆட்கள் மடை திறந்து விட்டிருக்கிறார்கள், வாய்க்கால் கரை தட்டி ஓடுகிறது.

வியாழக்கிழமை பள்ளத்திலிருந்து நாலு கழி எடுத்து வந்தேன். நீ சொன்னபடி மூலையிலிருந்து பதினோரு அடி வைத்து, புல்லைப் பெயர்த்து, தலைமாட்டில் இரண்டு, கால்மாட்டில் இரண்டு நட்டேன். கொஞ்சம் பால் ஊற்றினேன். போதகருக்குத் தெரிந்தால் புத்தி சொல்வார். அவருக்கு என்ன, அவர் பிள்ளைகள் எல்லோருக்கும் சிலுவை இருக்கிறது.

ஒனேசிமோ அம்மா பார்த்துவிட்டாள். "மெத்தைக்கு நடுவுல எதுக்குடி எல்லை? தலகாணியா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்போடே, "என் மக இருக்கா" என்று சொல்லிவிட்டேன். என் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு வேலியைத் தாண்டி வந்தாள். இரண்டு பேரும் மழை வரும்வரை அங்கே உட்கார்ந்திருந்தோம். உன் புல் உட்காருவதற்கு ஆகத்தான் செய்கிறது. நிழல் பக்கம் மஞ்சளடித்துப் போய்விட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேன். இலை வேண்டாம், வைத்துக்கொள். நீ ஏழு வயதில் முதுகில் குதித்தது எனக்கு வலிக்கவே இல்லை. அப்போது எது வலிக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இருந்தது.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. கடல் காற்றில் உனக்கு இருமல் வரும், இஞ்சி போட்டுக் குடி.

அக்கா,
சிஃபாயேலி


தார் எஸ் சலாம்
21 ஏப்ரல் 1986

அக்கா,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ மன்னித்தேன் என்று எழுதிய கடிதம்தான் என்னைக் கொல்கிறது.

போன வாரம் மேடம் பழைய வேலிச் செடிகளை மாற்றச் சொன்னார். பிடுங்கிக் குவித்த பிறகு, அதில் மூன்றாவதாக நின்ற செடியை மட்டும் திரும்ப வை என்றார். மூன்றாவது எங்கே நின்றது? குழி குழியாகப் பார்த்துக்கொண்டு போனேன். கிப்வானா மண்ணைத் தட்டிக்கொண்டே, "பிடுங்கினவனுக்கு எங்கய்யா ஞாபகம் இருக்கும்? நட்டவனப் போயி கேளு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

நான் பொய் சொன்னேன், அக்கா.

பதினோராவது அடி என்று எழுதியது பொய். கடப்பாரை இறங்கவில்லை என்றது பொய். எனக்கு ஒன்றும் நினைவில்லை. எங்கே இரட்டையாக நின்றது, எங்கே ஒற்றையாக நின்றது, எதுவும் தெரியாது. நான் பார்க்கவே இல்லை. சாப்பிட்டுவிட்டு ஒரு செம்பு வாழைக் கள் குடித்துவிட்டு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஒரு முனையில் ஆரம்பித்து மறு முனை வரைக்கும் பிடுங்கிக்கொண்டே போனேன். சந்தோஷமாக இருந்தேன். அக்கா வந்து பார்த்து ஆச்சரியப்படுவாள் என்று நினைத்துக்கொண்டே பிடுங்கினேன். அந்த மதியம் முழுவதையும் யோசித்துப் பார்க்கிறேன், அந்தப் பாட்டு மட்டும்தான் நினைவுக்கு வருகிறது.

நீ கேட்டாய். தெரியாது என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. ஏதோ ஒரு இடம் இருந்தால் உனக்கு ஆறுதலாக இருக்கும் என்று மனதில் வந்த எண்ணை எழுதினேன். நீ அங்கே உட்கார்கிறாய், பால் ஊற்றுகிறாய் என்று படித்ததும் தாங்க முடியவில்லை. வெறும் மண்ணுக்கு ஊற்றுகிறாயே, அவள் வேறு எங்கோ கிடக்கிறாளே என்று.

சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இதை எழுதும்போதே தோன்றுகிறது. அப்பா ஒரு பொய் சொன்னார், அதனால் இவ்வளவு ஆயிற்று. அதன் மேல் நான் ஒன்றை நட வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

அமினியேல்


தார் எஸ் சலாம்
2 ஜூன் 1986

அக்கா,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. மோஷியிலிருந்து வந்த பஸ் டிரைவரிடம் விசாரித்தேன். "உங்கக்காவா? சந்தையில பாத்தேனே, சேம்பு வித்துட்டிருந்தாங்க, நல்லாத்தான் இருக்காங்க" என்றார். அந்த அளவுக்கு நிம்மதி.

திட்டியாவது எழுது. ஜனவரியில் எழுதியது போல நாலே வரியானாலும் போதும். தோட்டத்தை உன் பேருக்கு எழுதித் தரச் சித்தப்பாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பெரியவர்கள் கூடி உட்கார்ந்து என்ன சொன்னாலும் சரி, நான் பின்வாங்க மாட்டேன். அது உனக்கு ஈடாகும் என்று சொல்லவில்லை. அந்த மண்ணில் யார் கடப்பாரை வைக்கலாம், யார் வைக்கக் கூடாது என்று சொல்கிற ஆள் நீயாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அமினியேல்


மச்சாமே
19 ஜூன் 1986

அன்புள்ள அமினியேலுக்கு,

காப்பி பழுக்கிற காலம் வந்துவிட்டது, கை ஒழியவில்லை. இது சாக்கு என்று உனக்கே தெரியும். கை ஒழிந்த நாளிலும் நான் எழுதவில்லை.

உன்மேல் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை, தம்பி. நீ பொய் சொன்னது எனக்கு அன்றைக்கே தெரியும். மார்ச் மாதம் உன் கடிதத்தைக் காப்பிச் சங்கத்து வாசலில் நின்று பிரித்து, பதினொன்று என்று படித்த அந்த நிமிடமே தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்வதற்குத்தான் இரண்டு மாதம் ஆகியிருக்கிறது.

இரட்டையாக நின்ற இடம் எங்கே என்று கேட்டேன் இல்லையா? அப்படி ஒரு இடம் இல்லை. முதலில் இருந்தது. ஐந்தாறு வருடம் நன்றாகத் தெரிந்தது. வாய்க்காலுக்குத் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணால் தொட்டுவிட்டுப் போவேன். பிறகு இசாலே தன் வேலையைக் காட்டியது. பக்கத்தில் குருத்து விட்டு, விட்டு, வரிசை முழுவதும் இரட்டையாகி, மூன்றாகி, ஒரே சுவராக அடர்ந்துவிட்டது. எங்கே பார்த்தாலும் இரட்டை. அப்பா இருந்தவரை கேட்டிருக்கலாம். கேட்க வெட்கம். பெற்றவளுக்கே தெரியாதா என்று கேட்டுவிடுவாரோ என்று பயம். அவரும் போய்விட்டார்.

வருடா வருடம் ஏப்ரலில் பால் ஊற்றுவேன். ஒரு வருடம் இங்கே, ஒரு வருடம் அங்கே. எங்கோ ஒரு இடத்தில் அவளுக்குச் சேரும் என்று. கடைசி மூன்று வருடம் அதையும் விட்டுவிட்டேன். மாடு கன்று போட்டது, காப்பிக்கு நோய் வந்தது, முதுகு வலித்தது, ஏதோ ஒன்று. செடிதான் நிற்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டேன்.

நீ பிடுங்கியபோது நான் கத்தியது அதற்குத்தான். மறைந்துபோனது இடம் இல்லை. இடம் என்றைக்கோ போய்விட்டது. எனக்குத் தெரியாது என்பதை யாரும் கண்டுபிடிக்காமல் மறைத்து நின்ற சுவரை நீ எடுத்துவிட்டாய். அந்த ஆத்திரத்தில் எல்லாம் தெரிந்தவள் போல உன்னைக் கேள்வி கேட்டேன். ஒன்பது நாள் தூங்க விடாமல் அடித்தேன். ஒன்றுமில்லாத ஒரு அடையாளத்தைச் சொல்லி, எங்கே, எங்கே என்று உன்னைப் பிடித்து உலுக்கினேன். அவளைத் தொலைத்தவள் நான். பழியை உன் தலையில் வைத்தேன். நீ எனக்கு அனுப்பிய இலையை நான்தான் உனக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

பொய் என்று தெரிந்தும் ஏன் பதினோராவது அடியில் நட்டேன் என்று கேட்பாய். யாராவது ஒருவர் உறுதியாக ஒரு இடத்தைச் சொன்னால் போதும் என்று இருந்தது. நீ சொன்னாய். நான் நட்டேன். அங்கே உட்கார்ந்து இருபத்து மூன்று வருடம் அழாததை அழுதேன். ஒனேசிமோ அம்மாவும் அழுதாள், அவளுக்கும் ஒன்று இருக்கிறதாம், அவள் மாமனார் தோட்டத்தில், அதுவும் எங்கே என்று தெரியாது. அந்த நாலு கழியும் அங்கேயே இருக்கட்டும், நான் பிடுங்கப் போவதில்லை. நீ உண்மையைச் சொன்னதும் சரிதான். நீ சொல்லியிருக்காவிட்டால் நானும் இதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன்.

சித்தப்பா வந்து தோட்டத்தைப் பற்றிப் பேசினார். "என்னம்மா உங்க ரெண்டு பேருக்கும், பொழுது போகலையா? அவன் வேணாங்கறான், நீ வேணாங்கற" என்றார். பேர் யாருடையதாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த எல்லையைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் தனக்குப் பங்கு கொடுக்க நினைத்தான் என்ற சந்தோஷம் அவருக்கு இருக்கட்டும்.

புல் முக்கால்வாசி செத்துவிட்டது. ஓரத்திலிருந்து வாழைக் கன்று உள்ளே வருகிறது. நான் தடுக்கவில்லை. அந்தப் பகுதியில் மண்வெட்டி போடுவதை நிறுத்திவிட்டேன். களை இருந்தால் உட்கார்ந்து கையால் எடுக்கிறேன்.

அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாததால், இப்போது சமையல்கட்டிலிருந்து வாய்க்கால் வரைக்கும் எல்லா இடத்திலும் மெதுவாகத்தான் நடக்கிறேன், குழந்தை தூங்குகிற வீட்டில் நடப்பது போல. டிசம்பரில் வரும்போது நீயும் அப்படி நட.

அக்கா,
சிஃபாயேலி